ஹட்டன் பக்கம் இருந்துகொண்டு கர்நாடக வயலின் கற்க முடியுமா?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். கணவரின் வேலைக்காக இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். சின்ன வயதில் வாய்ப்பாட்டு, கீதம் வரை படித்திருக்கிறார். வயலினும் ஊரிலிருந்து கொண்டுவந்தாயிற்று. அக்கம்பக்கத்தில் கர்நாடக வயலின் சொல்லித்தர ஆள் இல்லை. யூடியூபைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாமா, இல்லை ஊர் திரும்பும்வரை பெட்டியை மூடி வைப்பதா என்பது அவர் கேள்வி. எத்தனை வருடத்தில் ஒரு உருப்படி, அதாவது ஒரு முழுப் பாட்டு, வாசிக்க வரும் என்றும் கேட்டிருக்கிறார்.

மூடி மட்டும் வைக்காதீர்கள். இந்த மலைக் காற்றின் ஈரத்தில், திறக்காமல் கிடக்கும் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் கீதம் வரை பாடியவர். வயலினில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்ட வீணை மாதிரி குறுக்கே பதித்த மெட்டு எதுவும் கிடையாது. காதுதான் இடம் காட்ட வேண்டும். ஷட்ஜமமும் பஞ்சமமும் உங்கள் காதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பாடவே தெரியாமல் வயலினை எடுப்பவர்களுக்கு இல்லாத வசதி இது.

ஆனால் யூடியூப் மட்டும் போதுமா என்றால், போதாது. காணொளியில் வாசிப்பவரின் கையை நீங்கள் பார்க்கிறீர்கள், உங்கள் கையை யாரும் பார்ப்பதில்லை. வயலினில் பிழை நடப்பதெல்லாம் வாசிப்பவருக்குத் தெரியாத இடத்தில். வில் கோணலாக ஓடுவது மேலிருந்து பார்க்கும் உங்கள் கண்ணுக்கு நேராக ஓடுவது போலத்தான் தெரியும். இடது கைக் கட்டைவிரல் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருப்பது உங்களுக்கு உறைக்கவே உறைக்காது. மூன்று மாதம் அப்படியே போனால் கை அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதை அவிழ்க்க, முதலில் கற்றதைவிட அதிக காலம் பிடிக்கும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு. உங்கள் கையைப் பார்த்துச் சொல்ல ஒருவர், உங்கள் சுருதியையும் ராகத்தையும் கேட்டுச் சொல்ல ஒருவர். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ என்றால் இரண்டும் ஒரே ஆளிடம் கிடைக்கும். மலையகத்தில் அப்படி ஒரே ஆளைத் தேடித் தேடியே பலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். தனித்தனியாகத் தேடுங்கள், கிடைப்பார்கள்.

முதலில் காதுக்கு. இங்குள்ள தமிழ்ப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் சாதாரண தரம் என்ற பொதுப் பரீட்சைக்கு உரிய பாடம். அதைச் சொல்லித்தரும் ஆசிரியர்களில் யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பிரிவில் படித்தவர்கள் உண்டு, மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தா நிறுவகத்தில் படித்தவர்கள் உண்டு. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதி வந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்காரர்கள். டவுனில் உள்ள பெரிய தமிழ்ப் பாடசாலைக்குப் போய், சங்கீத மிஸ் யார் என்று கேளுங்கள். அவரிடம் வயலின் கேட்க வேண்டாம், வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும் என்று கேளுங்கள். மாதத்தில் இரண்டு தடவை போனாலும் போதும். நீங்கள் வீட்டில் வாசித்ததைப் போனில் பதிவு செய்து அவருக்குப் போட்டுக் காட்டினால், ரிஷபம் ஏறியிருக்கிறதா, காந்தாரம் இறங்கியிருக்கிறதா என்று உடனே சொல்லிவிடுவார். அதற்கு அவருக்கு வில் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. பேச்சுவாக்கில், படிக்கும் காலத்தில் வாத்தியம் ஏதாவது எடுத்தீர்களா என்றும் கேட்டுவையுங்கள். வயலின் படித்துவிட்டுப் பாடசாலையில் வாய்ப்பாட்டு மட்டும் சொல்லித்தருபவராகவும் இருக்கலாம்.

கைக்கு வேறு இடம் போக வேண்டும். சிங்களப் பாடசாலைகளின் சங்கீத ஆசிரியர்களில் வயலின் வாசிப்பவர்கள் நிறைய. சிங்கள இசைக்காரர்கள் பலர் லக்னோவுக்குப் போய் வட இந்திய சங்கீதம் படித்து வந்ததால் வளர்ந்த மரபு அது. பெரும் பாடகரான அமரதேவவே வயலின் கலைஞராகத் தொடங்கி, லக்னோ பாத்கண்டே கல்லூரியில் படித்தவர்தான். அவர்களும் ச ரி க ம என்றுதான் சொல்வார்கள் என்பதால் பாஷை தடுமாறினாலும் பாடம் புரியும். அதேபோல் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் தேவாலயங்களில் மேல்நாட்டு முறையில் வயலின் வாசிப்பவர்களும் இருப்பார்கள். இவர்களில் யாராவது ஒருவரிடம் ஆறேழு வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ராகமோ, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகமோ கேட்க வேண்டாம். வில் பிடிப்பது, வில்லை நேராக ஓட்டுவது, தந்தி மாற்றுவது, தந்திகளைத் தாங்கும் சின்ன மரத்துண்டான குதிரையை நிமிர்த்துவது, இவ்வளவுதான் கேட்க வேண்டியது. வில் பிடி அடிப்படையில் எல்லா முறைக்கும் ஒன்றுதான். உட்காரும் விதமும் சுருதி கூட்டுவதும் மட்டும் நம்முடையது வேறு, அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இது ஏதோ வழியில்லாமல் செய்யும் ஒட்டுவேலை என்று நினைத்துவிடாதீர்கள். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் வந்த பாதையே இதுதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் மணலி முதலியாரின் ஆதரவில் இருந்தபோது ஓர் ஐரோப்பியரிடம்தான் வயலின் பிடிக்கக் கற்றார். கை அங்கிருந்து வந்தது, சங்கீதம் அவர் வீட்டிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்தது அவர் காது.

இனி வீட்டில் செய்வது. நம் முறைப்படி தரையில் உட்கார்ந்து, இடது காலை மடக்கி, வலது காலைக் கொஞ்சம் முன்னே விட்டு, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலில் தாங்க வைக்க வேண்டும். மறுமுனை இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே நெஞ்சோடு சாயும். இரண்டு முனையும் இப்படி நின்றுவிட்டால் வயலினை இடது கை சுமக்க வேண்டியதில்லை. கை கழுத்தின் மேல் தாராளமாக ஏறி இறங்கும், கமகத்துக்கு அதுதான் தேவை. இடது கையை முழுதாக எடுத்துவிட்டாலும் வயலின் அசையாமல் நிற்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குவார்ட்டர்ஸின் சிமெந்துத் தரை இங்கே ஐஸாக இருக்கும், கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். இடுப்பு விறைத்தால் தோள் விறைக்கும், தோள் விறைத்தால் வில் இழுபடும்.

வில்லுக்கு வருவோம். இதில்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின், அதன் புதுக் கட்டியின் மேல்பக்கம் கண்ணாடி போலப் பளபளப்பாக இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் வில்லில் ஒட்டாது. மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தடவை உரசிவிட்டுத் தேய்த்தால் வெள்ளைத் தூளாக ஏறும். புது வில் சத்தமே தரவில்லை, வயலின் பழுது என்று நினைத்துப் பயந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். வில்லின் மயிரை முறுக்கும்போது நடுப்பகுதியில் மரத்துக்கும் மயிருக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் அளவு போதும். வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் பட்டு மயிர் நீளும், வெயில் காலத்தில் சுருங்கும். இறுக்கியபடியே வைத்துவிட்டு மறுநாள் காற்று உலர்ந்தால் வில் வளைந்தே போய்விடும்.

முதல் மாதம் இடது கை வேண்டாம். நான்கு தந்தியையும் விரல் வைக்காமல், தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு, ஒரு வில்லுக்கு நாலு எண்ணிக்கை, பிறகு எட்டு எண்ணிக்கை என்று இழுங்கள். குதிரைக்கும் விரல் பலகையின் முனைக்கும் நடுவே உள்ள இடத்தில், குதிரைக்கு இணையாக வில் ஓட வேண்டும். போனை உங்களுக்கு நேர் முன்னே, குதிரை இருக்கும் உயரத்தில் தாழ்வாக வைத்து எடுத்துப் பாருங்கள். வில் நுனிக்குப் போகும்போது பலகைப் பக்கம் வழுக்கிப் போவது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அநேகமாக எல்லாருக்கும் அங்கேதான் பிழைக்கும், ஏனென்றால் முழங்கையைத் திறக்காமல் தோளைப் பின்னால் இழுத்து விடுகிறோம். மேல்கை சும்மா இருக்க, முழங்கைக்குக் கீழே மட்டும் கதவு போலத் திறந்து மூடட்டும். சத்தம் கீச்சிட்டால் அழுத்தம் கூடிவிட்டது அல்லது வில்லின் வேகம் குறைந்துவிட்டது. காற்றுச் சத்தம் மாதிரி வெறுமனே வந்தால் வேகம் கூடிவிட்டது. இந்த இரண்டையும் நீங்களே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம், யாரும் வர வேண்டாம். சலிப்பான மாதம்தான், ஆனாலும் இதைத் தாண்டிக் குதித்தவர்களின் வயலின் பத்து வருடம் கழித்தும் அழுதுகொண்டுதான் இருக்கும்.

சுருதி கூட்டுவதைப் பொறுத்தவரை, நான்காம் தந்தி மந்தர ஷட்ஜம், மூன்றாவது மந்தர பஞ்சமம், இரண்டாவது மத்திய ஷட்ஜம், முதல் தந்தி மத்திய பஞ்சமம். கடையில் மேல்நாட்டு முறைப்படி கூட்டித் தந்திருப்பார்கள். ஐந்து கட்டைச் சுருதி (மேல்நாட்டு முறையில் G) உங்களுக்குப் பாட வசதி என்றால் வேலை மிகச் சுலபம். தடித்த தந்திகள் இரண்டும் அப்படியே இருக்கட்டும், இரண்டாம் தந்தியையும் முதல் தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ச ப ச ப வந்துவிடும். குரல் தாழ்வு என்றால் நான்கையும் சேர்த்து இன்னும் கொஞ்சம் இறக்கலாம். கடையில் கூட்டித் தந்ததற்கு மேல் எந்தத் தந்தியையும் ஏற்றாதீர்கள், அறுந்து முகத்தில் அடிக்கும். செயலியின் முள்ளைப் பார்த்துப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, கடைசித் திருத்தத்தைக் காதால் செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு தந்திகளையும் ஒரே வில்லில் சேர்த்து இழுத்தால் ஒரு அலை அடிப்பது கேட்கும். அந்த அலை மெதுவாகி நின்றுபோகும் இடம்தான் சுத்த பஞ்சமம். தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். குதிரை விழும், உள்ளே நிற்கும் சின்னக் கட்டையும் சாய்ந்துவிடும், அதை நிமிர்த்த இங்கே ஆள் இல்லை.

இடது கைக்கு, தொடக்கப் பயிற்சியான மாயாமாளவகௌளை ராகத்துச் சரளி வரிசையேதான். புரந்தரதாசர் வகுத்த வழி என்று சொல்லிக்கொண்டு வருகிறோம், வயலினுக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ச வெறும் தந்தி, ரி முதல் விரல், க இரண்டாம் விரல், ம மூன்றாம் விரல். அடுத்த தந்தியில் ப வெறும் தந்தி, த நி ச அதே விரல்கள், அதே இடைவெளிகள். ஒரு தந்தியில் கை பழகினால் மற்றதும் பழகியாயிற்று. சிரமம் ஒன்றுதான்: ரி வெறும் தந்திக்கு மிகக் கிட்டே, க அங்கிருந்து மிகத் தூரம். விரல் எட்டாமல் காந்தாரம் எப்போதும் கொஞ்சம் கீழேயே நிற்கும். வாசிக்கும் முன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் பாடிவிடுங்கள், அப்புறம் விரல் தானாக மேலே போகத் தேடும்.

விரல் சரியாக விழுகிறதா என்று வயலினே சொல்லும் இடங்களும் உண்டு. முதல் தந்தியில் மூன்றாம் விரல் வைத்து மேல் ஷட்ஜம் வாசியுங்கள். சுத்தமாக விழுந்தால், நீங்கள் தொடாத இரண்டாம் தந்தி தானாகவே அதிரும். கண்ணால் பார்க்கலாம், தந்தி மங்கலாகத் தெரியும். மயிரிழை பிசகினாலும் அது சும்மா கிடக்கும். இரண்டாம் தந்தியில் நான்காம் விரலில் வரும் பஞ்சமமும் முதல் தந்தியின் வெறும் பஞ்சமமும் ஒன்று என்பதால் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூட வாத்தியார் இல்லாத நாட்களில் இந்த இரண்டு இடங்களும் உங்களுக்கு வாத்தியார்.

சரளி, ஜண்டை, அலங்காரம் ஆகிய பயிற்சிகள் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், சுத்தமாக வரும்வரை கமகம் வேண்டாம். சினிமாப் பாட்டும் வேண்டாம், அது அப்புறம் எப்படியும் வந்துவிடும். கமகம் தொடங்கும்போது விரலில் ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொள்வது நம் வழக்கம். இங்கே தேங்காயெண்ணெய் போத்தலில் கட்டியாகத்தான் இருக்கும், 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். வாசிக்க உட்காரும் முன் கைகளைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, போத்தலையும் அதே தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இரண்டும் இளகும். வில் மயிரில் மட்டும் எண்ணெய் படவே கூடாது.

காலநிலையைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் ஓயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் ஈரம் அதிகம் மார்கழி, தைப் பக்கம். ஈரத்தில் பிரடைகள், அதாவது தந்தியை முறுக்கும் முளைகள், ஊதி இறுகும், உலர்ந்த குளிரில் சுருங்கி வழுக்கும், காலையில் திறந்தால் தந்திகள் தளர்ந்து கிடக்கும். வழுக்கினால் உள்ளே அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும், இறுகினால் பலம் காட்டக் கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். தினமும் வாசித்து முடித்ததும் தந்தியில் படிந்த ரோசினையும் வியர்வையையும் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் முதல் தந்தி துருவேறும். தொழிற்சாலையின் உலர்த்தும் அறையில் வைத்தால் ஈரம் போகும் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். கேட்காதீர்கள், அந்தச் சூட்டில் மரம் வெடிக்கும். வயலினை ஒட்டியிருப்பது மிருகப் பசை, ஈரத்திலும் சூட்டிலும் அது விட்டுக்கொடுக்கும். புதிதாக ஏதோ இரைச்சல் கேட்டால் ஓரங்களை விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள், பசை விட்ட இடத்தில் சத்தம் மாறும். அதில் கடைப் பசை எதையும் விட்டுவிடாதீர்கள், கொழும்பில் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

இணைய வகுப்பு இந்த ஏற்பாட்டுக்கு நல்ல துணை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் என்பது உங்களுக்கு ஒரு பெரிய வசதி. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் சென்னை வாத்தியாருக்காக நடுச்சாமத்தில் விழித்திருக்கிறார்கள், உங்களுக்கு மாலை ஆறு மணி என்றால் அவருக்கும் ஆறுதான். சூம் வகுப்பென்றால் அமைப்புகளில் அசல் ஒலி என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் வயலினின் நீண்ட ஒலியை இரைச்சல் என்று நினைத்து அது அமுக்கிவிடும். இருவரும் சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள், ஒலி பிந்தி வருவதால் தாளம் ஒட்டாது. அவர் வாசிக்க, நீங்கள் கேட்டு வாசிக்க, அவ்வளவுதான். இங்கே மழை பலத்தால் நெட்வொர்க் போய்விடும் என்பதால், நேரடி வகுப்பைவிடப் பதிவு அனுப்பித் திருத்தம் வாங்கும் முறைக்குச் சம்மதிக்கும் ஆசிரியரை நான் விரும்புவேன். மாதக் கட்டணம் கட்டும் முன் ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். உங்கள் வலது கையைப் பார்க்க வேண்டும், கேமராவைத் திருப்புங்கள் என்று அவராகவே சொன்னால் நல்ல ஆசிரியர். ஸ்வரத் தாளை அனுப்பிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறவர் வேண்டாம்.

வருடத்தில் ஒரு தடவை ஊருக்குப் போவீர்கள் அல்லவா? அந்த விடுமுறையில் கோயம்புத்தூரில் ஒரு வயலின் வித்வானிடம் தினமும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். புதுப் பாடம் கேட்காமல், இருப்பதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் சம்மதிப்பார்கள். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கர்நாடக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து போய்வர ஒரு முழு நாள் போய்விடும் என்றாலும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவது வீண்போகாது.

கேட்பதற்கு வயலின் வித்வான்களில் டி.என். கிருஷ்ணனில் தொடங்குங்கள். வில்லின் நாதம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரைக் கேட்டால் தெரியும். பிறகு லால்குடி ஜெயராமன், பாடுகிறவரின் வாய் அப்படியே தந்தியில் கேட்கும். எம்.எஸ். கோபாலகிருஷ்ணனைப் பிற்பாடு கேட்டுக்கொள்ளலாம், அந்த வேகம் ஆரம்பத்தில் கையை அவசரப்படுத்திவிடும். உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாதஸ்வரம் வந்தால் விடாதீர்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்காமல், வளைந்து போவது எப்படி என்று அதைவிட நன்றாக எந்தக் காணொளியும் சொல்லித் தராது.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு: தினமும் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று விடாமல் செய்தால், உங்கள் வாய்ப்பாட்டு அடிப்படைக்கு, முதல் வருட முடிவில் மலகரி கீதங்களை அடுத்தவர் முன் வாசிக்கலாம். வர்ணம் இரண்டாம் வருடத்தின் பிற்பாதியில். ஒரு சின்னக் கீர்த்தனையை நிரவல், ஸ்வரம் போன்ற கற்பனை வாசிப்பு எதுவும் இல்லாமல் சுத்தமாக வாசிக்க மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கணவருக்கு மாற்றலாகி ஊர் திரும்ப நேர்ந்தால், கோயம்புத்தூர் வாத்தியார் உங்களைச் சரளியிலிருந்து திரும்பத் தொடங்கச் சொல்லத் தேவை இருக்காது. இந்த வாரமே செய்ய வேண்டியது, பாடசாலைக்குப் போய் சங்கீத மிஸ்ஸைப் பார்ப்பதும், அடுத்த தடவை கொழும்பு போகிறவரிடம் சொல்லி முதல் தந்தி இரண்டு கூடுதலாக வாங்கி வைப்பதும்.